மேகம் தங்கும் மலை

நாடு காணப் புறப்படுவது மனித குலத்தின் பழைய வழக்கம். தன் வருகையால் அந்த நாட்டுக்கு என்ன நேரும் என்று பயணி எண்ணத் தொடங்கியதோ மிகவும் பிந்திய செய்தி. ‘சூழல் சுற்றுலா’ என்னும் கருத்து 1980களில்தான் உலக வழக்கில் பரவியது. அதற்கு முன்பே அதன் பொருளை வாழ்ந்து பார்த்த ஊர் ஒன்று நடு அமெரிக்காவில் உண்டு. கோஸ்டாரிக்கா நாட்டின் மலைமுகட்டில் அமைந்த அவ்வூரின் பெயர் மான்டிவெர்டி. பசுமலை என்பது அப்பெயரின் பொருள்.

அவ்வூரின் வரலாறு ஒரு மறுப்பிலிருந்து பிறந்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் அலபாமா மாநிலத்தில் வாழ்ந்த குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர் போரை ஏற்காதவர்கள். படைக்கு ஆள் சேர்க்கும் பட்டியலில் பெயர் பதிய மறுத்த அவர்தம் இளைஞர் நால்வர் 1949இல் சிறைத்தண்டனை பெற்றனர். படைக்கு வரி செலுத்தாத மண்ணைத் தேடிய அச்சமூகத்தார் சிலரின் கண்ணில், 1948இல் தன் படையையே கலைத்துவிட்ட கோஸ்டாரிக்கா பட்டது. 1951இல் சில குடும்பங்கள் அம்மலையேறிச் சுமார் 1,400 எக்டேர் நிலத்தை வாங்கின.

வந்தவர்கள் காட்டைத் திருத்தினர், பசுக்களை வளர்த்தனர், பாலைப் பாலாடைக்கட்டியாக்கி விற்றுப் பிழைத்தனர். ஆயினும் உச்சிக் காட்டில் 554 எக்டேரைக் கோடரி படாமல் விட்டுவைத்தனர். அதற்குக் காரணம் அழகுணர்ச்சி அன்று, தண்ணீர். கரீபியக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அம்மலையில் ஏறிக் குளிர்ந்து மேகமாகிறது. மழை இல்லாத நாளிலும் மரங்களின் இலைகளும் பாசிகளும் அம்மேகத்தைத் துளித்துளியாகப் பிடித்து ஓடைகளுக்குத் தருகின்றன. மரம் போனால் ஓடை போகும் என்பதை அந்த உழவர்கள் அறிந்திருந்தனர்.

1970களின் தொடக்கத்தில் பறவைகளை ஆராய வந்த ஜார்ஜ் பவல், சுற்றியிருந்த காடுகள் வேட்டைக்கும் ஆக்கிரமிப்புக்கும் இரையாவதைக் கண்டார். அவர் முயற்சியாலும் வெப்பமண்டல அறிவியல் மையம் என்னும் அமைப்பின் துணையாலும் 1972இல் மேகக்காட்டுக் காப்பகம் உருவாயிற்று. நீண்ட பச்சை வாலுடைய கெட்சால் பறவையும், அம்மலையின் சில சதுர கிலோமீட்டர் பரப்பிலன்றி உலகில் வேறெங்கும் வாழாத பொன்தேரையும் அக்காப்பகத்தின் அடையாளங்கள் ஆயின. 1974இல் அங்கு வந்தோர் 471 பேர். 1990களின் முற்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 50,000 பேர்.

வருவோர் செலுத்திய கட்டணம் காவலர்க்கு ஊதியமாயிற்று. அண்டையிலுள்ள சாந்தா எலேனாவில் உயர்நிலைப் பள்ளி ஒன்றே 1992 முதல் ஒரு காப்பகத்தை நடத்தி வருகிறது. 1987இல் சுவீடன் நாட்டுச் சிற்றூர்ப் பள்ளிப் பிள்ளைகள் தாம் கண்டிராத இம்மழைக்காட்டை வாங்கிக் காக்கப் பணம் திரட்டினர். பல நாட்டுப் பிள்ளைகள் அவர்களைப் பின்பற்றினர். அதனால் விளைந்த ‘குழந்தைகளின் நிலைத்த மழைக்காடு’ இன்று 22,000 எக்டேருக்கும் மேல் விரிந்துள்ளது. காட்டை நேரில் காணாதவரும் அதைக் காக்க இயலும் என்பதற்கு அது சான்று.

ஊராரில் பலர் வேறொரு காவலையும் நாடினர். மலைக்கு வரும் கரடுமுரடான சாலைக்குத் தார் போட வேண்டாம் என்பது அவர்கள் வாதம். வழி எளிதானால் காலையில் வந்து மாலையில் திரும்பும் கூட்டம் பெருகும், வழி கடினமானால் தங்கிச் செல்பவரே வருவர் என்று அவர்கள் கருதினர். அதே குண்டுங்குழியுமான வழியில்தான் உள்ளூர் நோயாளியும் பயணம் செய்ய வேண்டியிருந்தது. ஆகவே இவ்வழக்கில் இரு பக்கமும் நியாயம் இருந்தது. பின்னாளில் அச்சாலை தார் கண்டது.

ஆயினும் பெரிய இழப்பு சாலை வழியே வரவில்லை. 1987இல் மழைக்குட்டைகளில் 1,500க்கும் மேற்பட்ட பொன்தேரைகள் காணப்பட்டன. அடுத்த ஆண்டு அவை அரிதாயின. 1989 மே மாதத்தில் ஒரே ஓர் ஆண் தேரை காணப்பட்டது. அதன்பின் ஒன்றையும் எவரும் கண்டிலர். 2004இல் அவ்வினம் அற்றுப்போனதாக உலக அமைப்பு அறிவித்தது. தோலைத் தாக்கும் பூஞ்சை நோயும் வறட்சியும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. உலகு வெப்பமுறுவதால் மேகத்தின் அடிமட்டம் மேலேறி, மலையில் மூடுபனி நாட்கள் குறைகின்றன என்று 1999இல் ஆய்வாளர் எழுதினர்.

மரம் ஒன்றும் வெட்டப்படாத, வேட்டை புகாத காட்டுக்குள் அத்தேரை மறைந்தது என்பதே இவ்வரலாற்றின் கனமான பகுதி. வேலியும் காவலும் கட்டணமும் கோடரியைத் தடுக்கும், காற்றைத் தடுக்கா. மேகத்தைக் காண வானூர்தியில் வருபவரின் புகையும், எவ்வளவு சிறிதாயினும், மேகத்தை மேலேற்றும் புகையோடுதான் கலக்கிறது. அதற்காக எவரும் வராதிருத்தல் தீர்வாகாது. 2020இல் பெருந்தொற்றால் பயணிகள் நின்றபோது அவர்களை நம்பி வாழ்ந்த மலைமக்களின் பிழைப்பும் நின்றது.

எனவே பொறுப்புள்ள பயணம் என்பது காட்டு வாயிலில் நுழைவுச்சீட்டு வாங்குமிடத்தில் தொடங்குவதன்று. வீட்டுப் படியிறங்குமுன், போவது வேண்டுமா, எத்தனை முறை, எத்தனை நாள் என்று கேட்குமிடத்தில் தொடங்குகிறது. முழுக் காட்டையும் திருத்தும் உரிமை இருந்தும் உச்சியைத் தொடாது விட்ட அவ்வுழவர்கள், அக்கேள்வியைத் தமக்குள் முன்பே கேட்டுக்கொண்டவர்கள்.