தாஸ் சில்ஜ் மேடு

கி.மு. 70இல் சிசெரோ எழுதிய வழக்குரை ஒன்றில் ஒரு தீவுக் கோயில் வருகிறது. சிசிலியின் ஆளுநராயிருந்த வெர்ரெஸ், மால்ட்டாவின் யூனோ கோயிலை ஆள் அனுப்பிக் கொள்ளையடித்தான் என்பது குற்றச்சாட்டு. அந்தக் கரையில் மாரிகாலத்தைக் கழிக்கும் கடற்கொள்ளையர்கூட அங்கே கைவைத்ததில்லையாம். முன்பொருமுறை நுமிடிய அரசன் மசினிசாவின் கடற்படைத் தலைவன் அங்கிருந்து பெரிய யானைத் தந்தங்களைக் கொண்டுபோய் அரசனுக்குப் பரிசளித்தான். மகிழ்ந்து வாங்கிய அரசன், அவை கோயில் சொத்து என்று தெரிந்ததும் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினான். நடந்ததைத் தந்தங்களிலேயே பியூனிக் எழுத்தில் பொறித்தும் வைத்தான். வெர்ரெஸ் பாதி வழக்கிலேயே ஓடிவிட்டதால் இந்த உரை மன்றில் பேசப்படவேயில்லை என்பது தனிக்கதை.

மர்சஷ்லொக் குடாவுக்கு மேலே உள்ள தாஸ் சில்ஜ் மேடுதான் அந்த இடம். 1963இல் இத்தாலிய ஆய்வாளர்கள் அங்கே தோண்டத் தொடங்கினார்கள். அஷ்டார்ட்டின் பெயர் கீறிய மட்பாண்டங்கள் வெளிப்பட்டன. உரோமரின் யூனோ, அதற்கு முன் பொனீசியரின் அஷ்டார்ட். அவளுக்கும் அடியில் இன்னொரு கோயில்: கி.மு. 3000க்கும் 2500க்கும் இடையில் எழுந்த பெருங்கற் கட்டடம். பெருங்கற்காலம் என்றால் நமக்கு ஆதிச்சநல்லூரும் பொம்பரிப்பும்தான் நினைவுக்கு வரும். அவை இரும்புக்காலத் தாழிக்காடுகள். மால்ட்டாவின் கற்களோ உலோகமே அறியாதவர்கள் நிறுத்தியவை.

என்னை வியக்க வைத்தது பொனீசியர் செய்த காரியம். கி.மு. 8ஆம் நூற்றாண்டளவில் வந்தவர்கள், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு பழைய அந்த வளைந்த சுவரை இடிக்கவில்லை. அதையே கருவறைபோல வைத்துக்கொண்டு, முன்னால் நேர்கோட்டு மண்டபமும் பலிபீடமும் சேர்த்தார்கள். உரோமர் தூண் வரிசையோடு முற்றம் கட்டினர். பிறகு கிறிஸ்தவர்கள் தேவாலயம் எழுப்பினார்கள். ஞானஸ்நானத் தொட்டியைப் பழைய பெருங்கற் கட்டடத்துக்குள்ளேயே அமைத்தார்கள்.

சுற்றுலாப் பிரசுரங்கள் இதை அறுபடாத தாய்த்தெய்வ வழிபாடு என்று உருகுகின்றன. எனக்கு உடன்பாடில்லை. இடையில் வெண்கலக்கால மக்கள் இங்கே புழங்கினார்கள். ஆனால் புழங்கியதெல்லாம் வழிபாடாகிவிடாது. தார்ஷியேன் கோயிலில் அதே காலத்தவர் எரித்த சாம்பலைத் தாழிகளில் இட்டுப் புதைத்தார்கள். கல் நிலைத்தது, நம்பிக்கையும் நிலைத்தது என்பதற்கு அது சாட்சியல்ல.

"அப்ப இது யாற்றை கோயில்?" என்று வேலிக்கு வெளியே நின்று மகள் கேட்டாள். ரொறன்ரோவில் பிறந்தவள். கோணேசர் கோயிலை 1624இல் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கற்களைக் கோட்டைக்குக் கொண்டுபோன கதையை என்னிடம் பலமுறை கேட்டவள். அந்தக் கேள்வி அவளுக்கு என்னிடமிருந்துதான் ஒட்டியது. முதலில் வந்தவருடையது என்றால் அவர்கள் பேசிய மொழிகூட நமக்குத் தெரியாது. வாரிசு என்று எவரும் வரப்போவதில்லை. கடைசியில் வைத்திருந்தவருடையது என்றால் கோணேசர் கற்களை நான் விட்டுக்கொடுத்தாக வேண்டும். "இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை," என்றேன். அவள் விடவில்லை, விடுதி வரைக்கும் வாதம் போனது.

2011இல் இங்கே ஆப்பெழுத்துப் பொறித்த ஓர் அகேட் கல் துண்டு கிடைத்தது. கி.மு. 13ஆம் நூற்றாண்டில் மெசொப்பொத்தேமியாவின் நிப்பூரில் நிலாக் கடவுளுக்குக் காணிக்கையிட்ட கல். யார் யார் கைமாறி வந்ததோ.

இன்று மேட்டை ஒரு தெரு இரண்டாக வெட்டிப் போகிறது. அஷ்டார்ட்டும் யூனோவும் ஊர்ப்பெயரில் இல்லை. 'தாஸ் சில்ஜ்' என்றால் மோல்ட்டிய மொழியில் 'பனியினுடைய' என்று பொருள். பக்கத்திலுள்ள பனிமாதா சிற்றாலயத்தால் வந்த பெயர். பனி காண்பது அபூர்வமான மேடு அது.