எண்ணெய் அருங்காட்சியகங்களும் மாணவர் கல்வியும்: டைட்டஸ்வில் முதல் லண்டன் வரை

எண்ணெய்த் தொழிலைப் பற்றிய அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் அத்தொழிலின் பணத்தில் எழுந்தவை. இதை ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. வரலாறு அப்படித்தான் இருக்கிறது. அந்தப் பணம் மாணவர்களுக்கு எதைக் காட்டியது, எதைக் காட்டாமல் விட்டது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், டைட்டஸ்வில் ஊரை ஒட்டி, எட்வின் டிரேக் 1859 ஆகஸ்ட் இறுதியில் 69½ அடி ஆழத்தில் எண்ணெய் கண்டார். அதன் 75ஆம் ஆண்டான 1934இல், அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் நிதியில் அதே இடத்தில் ஓர் அருங்காட்சியகம் அமைந்தது. மீண்டும் கட்டப்பட்ட மரக் கோபுரமும் எஞ்சின் அறையும் இன்றும் அங்கே உள்ளன. தோண்டத் தோண்டக் குழிக்குள் தண்ணீர் புகுந்து மண் சரிந்ததால், டிரேக் இரும்புக் குழாயைப் பாறை தட்டும் வரை அடித்து இறக்கி, அதற்குள் துளையிட்டார். நம்மூர் போர்வெல்காரர்கள் ‘கேசிங் பைப்’ இறக்குவதும் இதே காரணத்துக்காகத்தான். பாடநூலில் ஒரு பத்தியாகக் கடந்துபோகும் செய்தி, அந்தக் கோபுரத்தடியில் நிற்கும் மாணவருக்கு உடனே விளங்கிவிடும்.

தொழில்நுட்பத்தைக் காட்டுவது எளிது, வணிகத்தைக் காட்டுவதுதான் கடினம். பத்திரிகையாளர் ஐடா டார்பெல் வளர்ந்தது இதே வட்டாரத்தில். ராக்ஃபெல்லர் தரப்பு 1872இல் ரயில் நிறுவனங்களோடு செய்துகொண்ட இரகசியக் கட்டணச் சலுகை ஒப்பந்தத்தை எதிர்த்த சிறு உற்பத்தியாளர்களில் அவருடைய தந்தையும் ஒருவர். ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம் குறித்து 1902 முதல் 1904 வரை டார்பெல் எழுதிய தொடர் நாட்டையே உலுக்கியது. 1911இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அந்நிறுவனம் உடைக்கப்பட்டது.

அந்த வரலாற்றை அறிந்தவருக்கு, 1956இல் அதே பெட்ரோலியக் கழகம் வெளியிட்ட ‘டெஸ்டினேஷன் எர்த்’ என்ற கேலிச்சித்திரப் படம் வேடிக்கையாகத் தோன்றும். சர்வாதிகாரி ஒருவன் ஆளும் செவ்வாயிலிருந்து பூமிக்கு வரும் ஒற்றன், வளத்தின் இரகசியம் எண்ணெயும் வணிகப் போட்டியும்தான் என்று கற்றுத் திரும்புகிறான். போட்டியாளர்களை விழுங்கி வளர்ந்த ஒரு நிறுவனத்தைப் பற்றி அவனிடம் யாரும் சொல்லவில்லை போலும்!

சிங்க்ளேர் எண்ணெய் நிறுவனம் இன்னொரு வழியில் போனது. 1933 சிகாகோ உலகக் கண்காட்சியிலும் 1964-65 நியூயார்க் கண்காட்சியிலும் அது டைனோசர் உருவங்களை நிறுத்தியது. சிறுவர்கள் மொய்த்தார்கள். கச்சா எண்ணெயின் மூலப்பொருள் பெரும்பாலும் கடலடியில் படிந்த நுண்பாசிகளும் மிதவை உயிரிகளும்தான். டைனோசருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் பெட்ரோல் என்றால் டைனோசர் என்ற எண்ணம் இன்றுவரை பலரிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விளம்பரம் பாடமாகும்போது நேரும் சேதம் இது.

நார்வேயின் ஸ்டவாங்கர் துறைமுகத்தில் 1999 மே மாதம் திறக்கப்பட்ட பெட்ரோலிய அருங்காட்சியகம் வேறு வகை. எண்ணெய் நிறுவனங்களின் ஆதரவு அதற்கும் உண்டு. ஆயினும் அங்கே காட்சிக்கு இருக்கும் பொருள்களில் ஒன்று, முறிந்துபோன ஓர் இரும்புத் தாங்குகுழாயின் துண்டு. 1980 மார்ச் 27 மாலை, வடகடலின் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயலில் அந்தக் குழாய் முறிந்து, தொழிலாளர்கள் தங்கியிருந்த ‘அலெக்சாண்டர் கீலான்ட்’ என்ற மிதவை மேடை கவிழ்ந்தது. மேடையில் இருந்த 212 பேரில் 123 பேர் மாண்டனர்.

கவிழ்ந்ததற்கான காரணம் வகுப்பறையில் ஒரு முழு நாள் பேசத்தக்கது. நீரடி ஒலிக்கருவி ஒன்றைப் பொருத்த, தாங்குகுழாயில் ஒரு சிறு பிடிப்பு வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. வெறும் 6 மில்லிமீட்டர் வெல்டு. மேடையின் எடையைத் தாங்கும் பகுதி அதுவல்ல என்பதால் அதன் தரத்தில் போதிய கவனம் இல்லை. விரிசல் அங்கே தொடங்கி, அலை மோத மோத உலோகச் சோர்வால் வளர்ந்து, ஒருநாள் குழாயையே முறித்தது. ஒரு கால் கழன்றது, மேடை சாய்ந்தது. விரிசலுக்குள் பெயின்ட் இருந்ததை விசாரணையாளர்கள் கண்டார்கள். மேடையைக் கட்டியபோதே விரிசல் இருந்தது என்பதற்கு அதுவே தடயம். பொருளறிவியல், தொழிலாளர் பாதுகாப்பு, நிர்வாகப் பொறுப்பு மூன்றையும் ஒரே இரும்புத் துண்டை வைத்துக் கற்பிக்கலாம்.

லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் கதை வேறு திசையில் போனது. 2004இல் அங்கு திறந்த ஆற்றல் காட்சிக்கூடத்துக்கு பி.பி. எண்ணெய் நிறுவனம் நிதியளித்தது, 2010இல் தட்பவெப்பக் காட்சிக்கூடத்துக்கு ஷெல். கரியமில வாயுவைப் பிடித்து அகற்றுவது பற்றிய 2021 கண்காட்சிக்கும் ஷெல்தான் புரவலர். அதற்கான ஒப்பந்தத்தில், புரவலரின் நற்பெயருக்கு ஊறு விளைவிக்கும் எதையும் அருங்காட்சியகம் சொல்லக்கூடாது என்ற விதி இருந்தது அவ்வாண்டே வெளியில் வந்தது. எண்ணெய் நிறுவனங்களின் நிதியை ஏற்பதை எதிர்த்து, முன்னாள் இயக்குநர் கிறிஸ் ராப்லி ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார். அதானி குழுமத்தின் நிதியில் புதிய காட்சிக்கூடம் ஒன்று அமைப்பதை ஒட்டி அறங்காவலர்கள் இருவர் பதவி விலகினர். அந்தக் காட்சிக்கூடம் 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது.

தொழில் நிறுவனம் பணம் தந்தாலே கல்வி கெட்டுவிடும் என்று கொள்ள ஸ்டவாங்கர் இடம் தரவில்லை. கெடுப்பது பணத்தோடு வரும் நிபந்தனை. மாணவர்களை இத்தகைய இடங்களுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், வாசலில் இருக்கும் புரவலர் பெயர்ப்பலகையையும் ஒரு காட்சிப்பொருளாகவே எண்ணி, அங்கிருந்தே பாடத்தைத் தொடங்க வேண்டும்.