சாஸ், லெஸ், ஸ்டைலஸ்: ஒரு 17 வருட இடைக்கால ஏற்பாடு

வலைத்தள வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்கிற கேள்வி இது: “அண்ணா, இன்னும் சாஸ் கத்துக்கணுமா, இல்ல வெறும் சிஎஸ்எஸ் போதுமா?” பதிலை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரி 2012-ல் ஒன்றாக இருந்தது, இன்றைக்கு வேறாக இருக்கிறது. ஏன் மாறியது என்று தெரியாமல் பதிலை மட்டும் வாங்கிக்கொண்டு போனால், அடுத்த முறை மாறும்போது மறுபடியும் யாரையாவது கேட்க வேண்டியிருக்கும். அதனால் சேர்த்து வைத்திருந்த குறிப்புகளை ஒழுங்குபடுத்தி இங்கே போடுகிறேன்.

ப்ரீப்ராசசர் என்றால் என்ன?

பிரவுசருக்குப் புரிகிற அலங்கார மொழி சிஎஸ்எஸ் ஒன்றுதான். சாஸ், லெஸ், ஸ்டைலஸ் எதுவும் அதற்குத் தெரியாது. நாம் அந்த மொழிகளில் எழுதுவோம், ஒரு கருவி அதைச் சிஎஸ்எஸ்ஸாக மாற்றிக் கொடுக்கும், அந்தச் சிஎஸ்எஸ்தான் சர்வருக்குப் போகும். இந்தக் கருவிக்குத்தான் ப்ரீப்ராசசர் என்று பெயர். தமிழில் முன்செயலி எனலாம்.

முகப்பேருக்குப் பக்கத்திலேயே இருக்கிற அம்பத்தூர் எஸ்டேட்டைத் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும். டூல் ரூமில் டை செய்வார்கள். அதை பிரஸ்ஸில் மாட்டி உதிரிபாகம் அடிப்பார்கள். வாங்குகிறவர் கைக்குப் போவது உதிரிபாகம் மட்டும்தான், டை பட்டறையிலேயே இருக்கும். ப்ரீப்ராசசரில் நாம் எழுதும் கோப்புதான் டை. இந்த உவமையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வேண்டுமென்றே விட்டது

1994 அக்டோபரில், சேர்ன் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஹோகோன் வியும் லீ ஒரு வரைவை வெளியிட்டார். சிஎஸ்எஸ்ஸின் தொடக்கம் அதுதான். பெர்ட் போஸ் அவரோடு சேர்ந்துகொண்டார். 1996 டிசம்பரில் முதல் பதிப்பு டபிள்யூ3சி-யின் பரிந்துரையாக வந்தது. அதே காலத்தில் நெட்ஸ்கேப் வேறொரு வழியை முன்வைத்தது: ஜாவாஸ்கிரிப்டிலேயே ஸ்டைல்ஷீட் எழுதுவது. அதில் நிரல்மொழியின் எல்லா வசதியும் இருந்தது. ஆனால் நெட்ஸ்கேப் 4-ஐத் தாண்டி அது போகவில்லை.

ஜெயித்த சிஎஸ்எஸ்ஸில் மாறி கிடையாது, லூப் கிடையாது, ஒரு விதிக்குள் இன்னொரு விதியை எழுதவும் முடியாது. யாரும் மறந்துபோய் விட்டதில்லை இது. 2008-ல் டேனியல் கிளாஸ்மனும் டேவிட் ஹயாட்டும் மாறிகளைச் சேர்க்கலாம் என்று முன்மொழிந்தபோது, மாறிகள் சிஎஸ்எஸ்ஸுக்குக் கேடு என்று பெர்ட் போஸ் ஒரு கட்டுரையே எழுதினார். அவருடைய வாதம் எளிமையானது. நிரல் எழுதத் தெரியாதவரும் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியாக இது இருக்க வேண்டும், மாறி வந்தால் அந்த எளிமை போய்விடும்.

தனி ஒரு ஆள் தன் பக்கத்துக்கு எழுதும் நாற்பது வரிக்கு அது சரிதான். ஆனால் கம்பெனி வேலையில் ஸ்டைல்ஷீட் ஆயிரக்கணக்கான வரிக்குப் போய்விட்டது. கஸ்டமர் வந்து “நீலத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க” என்பார். அந்த நீலம் எத்தனை இடத்தில் இருக்கிறதோ அத்தனை இடத்திலும் தேடி மாற்ற வேண்டும். இந்தத் தலைவலியிலிருந்துதான் ப்ரீப்ராசசர்கள் பிறந்தன.

மூன்று பேர், மூன்று மனப்போக்கு

2006-ல் ஹாம்ப்டன் காட்லின் சாஸை வடிவமைத்தார். நாடலி வைசன்பாம் அதை வளர்த்தெடுத்தார். ரூபி உலகத்துப் பிள்ளை அது. அடைப்புக்குறி, அரைப்புள்ளி எதுவும் இல்லாமல் உள்தள்ளலை வைத்தே எழுத வேண்டும். அழகாகத்தான் இருந்தது. ஆனால் கையில் இருக்கும் பழைய சிஎஸ்எஸ்ஸை அப்படியே ஒட்ட முடியாது, எல்லாவற்றையும் திருப்பி எழுத வேண்டும்.

இந்த இடைவெளியில் நுழைந்தது லெஸ். 2009-ல் அலெக்சி செலியே எழுதியது. எந்தச் சிஎஸ்எஸ் கோப்பையும் எடுத்து, பெயரின் வாலை மாற்றினால் அது லெஸ் கோப்பு. முதலில் ரூபியில் இருந்தது, சீக்கிரமே ஜாவாஸ்கிரிப்டுக்கு மாறியது. வேண்டுமானால் பிரவுசருக்குள்ளேயேகூட ஓடும். சாஸ்காரர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள். 2010-ல் வந்த சாஸ் 3, அடைப்புக்குறிகளோடு கூடிய எஸ்சிஎஸ்எஸ் என்ற எழுத்துமுறையைக் கொண்டுவந்தது. இன்று சாஸ் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அதே 2010-ல் டிஜே ஹோலோவேசக், நோட் உலகத்துக்காக ஸ்டைலஸை எழுதினார். முக்காற்புள்ளி, அரைப்புள்ளி, அடைப்புக்குறி எல்லாம் அதில் உங்கள் இஷ்டம். போட்டாலும் சரி, விட்டாலும் சரி.

எழுத்துமுறை வித்தியாசம் மேலோட்டமானது. உள்ளே இருக்கும் வித்தியாசம்தான் முக்கியம். சாஸ் ஒரு நிரல்மொழி மாதிரி மேலிருந்து கீழாக ஓடும். மாறிக்கு நடுவில் மதிப்பை மாற்றினால், அதற்குக் கீழே உள்ளவை மட்டும் மாறும். லெஸ் அப்படி இல்லை. ஒரே வட்டத்துக்குள் ஒரு மாறியை இரண்டு முறை அறிவித்தால், கடைசியாகச் சொன்னதுதான் முதல் வரிக்கும் பொருந்தும். சாஸிலிருந்து லெஸ்ஸுக்குப் போகிறவர்கள் முதல் வாரமே தலையைச் சொறிவது இங்கேதான். ஆனால் இது குறை இல்லை. அடுத்தவர் எழுதிய நூலகத்தைச் சேர்த்துவிட்டு, கீழே ஒரே ஒரு வரியில் அதன் வண்ணத்தை மாற்றிவிடலாம். சாஸில் அதே வேலைக்கு, ‘யாரும் மதிப்பு தராவிட்டால் இதை எடுத்துக்கொள்’ என்று நூலகம் எழுதியவரே முன்கூட்டிக் குறித்து வைத்திருக்க வேண்டும்.

மறுபக்கம், சாஸில் நிபந்தனை, லூப், நாமே எழுதும் ஃபங்ஷன் எல்லாம் நேரடியாக உண்டு. லெஸ்ஸில் வெகுகாலம் லூப் வேண்டுமென்றால் ஒரு மிக்ஸின் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ளும்படி சுற்றி வளைத்து எழுத வேண்டியிருந்தது.

யார் ஜெயித்தது? 2011 ஆகஸ்டில் ட்விட்டரிலிருந்து மார்க் ஓட்டோவும் ஜேக்கப் தார்ன்டனும் பூட்ஸ்ட்ராப்பை வெளியிட்டார்கள். அது லெஸ்ஸில் எழுதப்பட்டது. பூட்ஸ்ட்ராப்பைத் தொட்டவர்கள் எல்லோரும் லெஸ்ஸையும் தொட்டார்கள். 2018 ஜனவரியில் வந்த பூட்ஸ்ட்ராப் 4 சாஸுக்கு மாறிவிட்டது. அதற்குள் காற்றும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. லெஸ் ஒன்றும் மறைந்துபோகவில்லை. தமிழ் விக்கிப்பீடியா ஓடுகிற மீடியாவிக்கி மென்பொருள் 2013 முதல் லெஸ்ஸைத்தான் ஏற்கிறது. அதே 2013 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 3.8, தன் நிர்வாகப் பக்கத்தின் வண்ணத் தொகுப்புகளுக்குச் சாஸைப் பயன்படுத்தியது.

தமிழுக்கு இது எங்கே உதவியது

இருமொழித் தளம் செய்தவர்களுக்குத் தெரியும். ஆங்கிலத்துக்குப் பொருத்தமான வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. ‘கீ’, ‘லீ’ மேலே ஏறும், ‘ழு’, ‘கூ’ கீழே இறங்கும், நெருக்கினால் அடுத்தடுத்த வரிகள் முட்டிக்கொள்ளும். ஒரே அளவு கொடுத்தாலும் இரண்டு எழுத்துருக்களும் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரியாது. தமிழ்ச் சொற்கள் நீளம், பட்டனுக்குள் அடங்காது. ஆக மொத்தம் தலைப்பு, பத்தி, பட்டன், மெனு என்று ஒவ்வொன்றுக்கும் தமிழுக்குத் தனி விதி வேண்டும். வெறும் சிஎஸ்எஸ்ஸில் இதை இரண்டு இரண்டாக எழுத வேண்டும். சாஸில் மொழி, எழுத்துரு, அளவு, வரி இடைவெளி என்று ஒரு சின்னப் பட்டியல் போட்டு, ஒரு லூப் விட்டால் முடிந்தது. நாளைக்கு மலையாளம் சேர்க்க வேண்டுமா? பட்டியலில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

டை தொலைந்தால்

இப்போது அந்த உவமைக்கு வருவோம். சில வருடங்களுக்கு முன் என் கைக்கு ஒரு பழைய தளம் வந்தது. செய்தவர்கள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். சர்வரில் இருந்தது, எல்லா வரியும் ஒன்றாக அமுக்கப்பட்ட ஒரு சிஎஸ்எஸ் கோப்பு மட்டும். மூலச் சாஸ் கோப்புகள் யாரிடமும் இல்லை. உதிரிபாகம் இருக்கிறது, டை இல்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து அந்தக் கோப்பைப் பிரித்து எழுதினேன்.

டை இருந்தும் பிரஸ் போய்விட்டால்? அதுவும் நடந்தது. முதல் சாஸ் ரூபியில் இருந்தது, வேகம் குறைவு. 2012-ல் சி++ மொழியில் லிப்சாஸ் வந்தது. வேகம் பறந்தது. ஆனால் நோட் வழியாக அதை நிறுவுவது பெரும்பாடு. நோட் பதிப்பை உயர்த்தினால், ‘நேற்று வரை ஓடிச்சே’ என்று மறுநாள் காலையில் எல்லோரும் நிற்பார்கள். 2018-ல் டார்ட் மொழியில் எழுதிய சாஸ் 1.0 வெளிவந்தது. ரூபி சாஸ் 2019 மார்ச்சோடு நிறுத்தப்பட்டது. 2020 அக்டோபரில் லிப்சாஸும் கைவிடப்படுவதாக அறிவிப்பு வந்தது. மொழி அதேதான், ஆனால் இன்ஜின் இரண்டு முறை மாறிவிட்டது.

மொழியும் அப்படியே நிற்கவில்லை. வகுத்தலுக்குப் போட்ட சாய்கோட்டைச் சிஎஸ்எஸ் கிரிட்டும் வேறு பொருளில் பயன்படுத்த ஆரம்பித்ததால், சாஸ் 2021-ல் வகுத்தலுக்குத் தனி ஃபங்ஷனைக் கொண்டுவந்து பழைய வழக்கத்தை ஓரங்கட்டியது. கோப்புகளை இணைக்கும் பழைய முறையும் 2024-ல் எச்சரிக்கைப் பட்டியலுக்குப் போய்விட்டது.

சிஎஸ்எஸ் எழுந்து வந்தது

இதற்கிடையில் 2013-ல் ஆந்திரே சிட்னிக் போஸ்ட்சிஎஸ்எஸ்ஸைத் தொடங்கினார். அதன் வழி வேறு. புது மொழி வேண்டாம், சிஎஸ்எஸ்ஸையே எழுது, தேவையான மாற்றங்களைச் சின்னச் சின்னச் செருகுநிரல்கள் பார்த்துக்கொள்ளும்.

பிறகு சிஎஸ்எஸ்ஸே மாறியது. 2014 ஜூலையில் ஃபயர்ஃபாக்ஸ் 31, 2016 மார்ச்சில் குரோம் 49, சஃபாரி 9.1, 2017-ல் எட்ஜ் என்று மாறிகள் எல்லா பிரவுசருக்கும் வந்து சேர்ந்தன. டாலர் குறியும் அட் குறியும் ப்ரீப்ராசசர்களுக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, இரட்டைக் கோட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த மாறிகள் பிரவுசருக்குள்ளே உயிரோடு இருக்கின்றன. பக்கம் திறந்திருக்கும்போதே பகல், இரவு நிறங்களை மாற்றலாம். சாஸ் மாறியால் இது முடியாது, டையிலிருந்து வெளியே வந்த பிறகு உதிரிபாகத்தின் அளவை மாற்ற முடியாதல்லவா?

2023-ல் விதிக்குள் விதி எழுதும் வசதியும் வந்தது. ஏப்ரலில் குரோம் 112, மே மாதம் சஃபாரி 16.5, ஆகஸ்டில் ஃபயர்ஃபாக்ஸ் 117. 2006-ல் சாஸ் தொடங்கியதை 17 வருடம் கழித்துத் தரநிலை ஏற்றுக்கொண்டது.

சரி, பதில் என்ன?

தொண்ணூறுகளில் தமிழ்த் தளங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு எழுத்துரு, தனக்கென ஒரு குறியாக்கம் வைத்திருந்தன. ஒருங்குறி பரவும்வரை அதுவும் ஒரு இடைக்கால ஏற்பாடுதான். ஆனால் அந்த ஏற்பாடு வெளியே அனுப்பியதே தரமில்லாத ஒன்று. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இன்று அந்தப் பக்கத்தைத் திறந்தால் வெறும் குப்பை எழுத்து. மாற்றி போட்டுப் படிக்க வேண்டும். ப்ரீப்ராசசர்கள் செய்த நல்ல காரியம் இதற்கு நேர் எதிரானது. உள்ளே என்ன கூத்து நடந்தாலும் வெளியே வந்தது தரமான சிஎஸ்எஸ். 2010-ல் எழுதிய சாஸ் கோப்பை இன்று ஓடவைப்பது கஷ்டமாக இருக்கலாம், அன்று அது தந்த சிஎஸ்எஸ் இன்றும் திறக்கும். ஒரு இடைக்கால ஏற்பாட்டை எடைபோட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே தம்பி, தங்கைகளுக்கு: புதிய தளம், சிறிய குழு என்றால் வெறும் சிஎஸ்எஸ்ஸிலேயே தொடங்குங்கள். லூப் போட்டுப் பத்து மொழிக்கு விதி உருவாக்க வேண்டும், திரை அகல எல்லைகளுக்குப் பெயர் வைக்க வேண்டும் (சிஎஸ்எஸ் மாறியை மீடியா குவெரியின் நிபந்தனையில் போட முடியாது) என்றால் சாஸ் இன்றும் உதவும். பழைய சாஸ் கோப்பை அப்படியே சிஎஸ்எஸ் என்று நம்பி ஒட்டாதீர்கள். ‘&’ குறியோடு வாலை ஒட்டிப் புதுப் பெயர் உண்டாக்கும் வித்தை சிஎஸ்எஸ்ஸில் வேலை செய்யாது. எதில் எழுதினாலும், மூலக் கோப்பையும் அதை ஓட்டிய கருவியின் பதிப்பு எண்ணையும் கஸ்டமர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். டை அவருடையது.