பதினேழாம் நம்பர் கம்ப்யூட்டர்

"மலருக்கு ஒரு கட்டுரை வேணும் சார், கம்ப்யூட்டர் லேபோட வரலாறா இருந்தா நல்லா இருக்கும்" என்றார் சங்கச் செயலாளர். முழு வரலாற்றையும் எழுதினால் மலர் தாங்காது. 2001-ஆம் ஆண்டு, நான் லேப் பொறுப்பாளராக இருந்தபோது நடந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் பலரும் பிரௌசிங் சென்டரில் மணிக்குக் காசு கொடுத்து இன்டர்நெட் பார்த்த காலம். நம் லேபில் இருபது கம்ப்யூட்டர். வெளியே போக ஒரே ஒரு டெலிபோன் லைன். அதனால் புராஜெக்ட் செய்யும் இறுதியாண்டு மாணவர்களுக்காக நான்கு கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் அனுமதி. வாசலில் நின்ற லினக்ஸ் சர்வர் ஆளைப் பார்க்காது, ஐ.பி. எண்ணைத்தான் பார்க்கும். 192.168.0.17 வந்து கேட்டால் திறக்கும். 18 கேட்டால் திறக்காது.

பையன்கள் சும்மா இருப்பார்களா? கண்ட்ரோல் பேனலுக்குள் போய் 18-ஐ 17 ஆக்கி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது வேலை. விண்டோஸ் 98-இல் மாணவன், நிர்வாகி என்ற பேதமே கிடையாது. பாஸ்வேர்ட் கேட்கும் இடத்தில் எஸ்கேப் பொத்தானைத் தட்டினாலே உள்ளே விட்டுவிடும். நான் பாலிசி எடிட்டரை வைத்து நெட்வொர்க் பக்கத்தை மறைத்தேன். அவர்கள் ரெஜிஸ்ட்ரி வழியாகப் போய்த் திறந்தார்கள். எண்களைத் தானாக வழங்கும் டி.எச்.சி.பி. முறை 1993-லேயே வந்துவிட்டது. ஆனால் அது கேட்டவருக்கு எண் கொடுக்குமே தவிர, தானாக ஒரு எண்ணைப் போட்டுக்கொள்பவரைத் தடுக்காது.

பதினேழில் உட்கார்ந்தவன் பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து பஸ் மாறி வரும் மாணவன். 1801 மே மாதம் கோட்டை விழுந்தபின் கம்பெனியார் அதை இடித்துத் தரைமட்டமாக்கி, ஆமணக்கு விதைத்து, ஊர்ப் பெயரையே ஆவணங்களிலிருந்து நீக்கச் சொன்னதாகப் படித்திருக்கிறோம். பெயர் போனால் ஊரே போய்விடும் என்று நினைத்தார்கள் போலும். ஊர் அங்கேயேதான் இருக்கிறது, பஸ்ஸும் போகிறது.

ஒரு சனிக்கிழமை மாலை ஐந்திலிருந்து ஏழு வரை பதினேழாம் எண் சினிமாப் பாட்டாக இறக்கியிருந்தது சர்வர் பதிவில் தெரிந்தது. லேப் நோட்டில் அவன் கையெழுத்து. வெளியேறிய நேரம் காலி. கூப்பிட்டுக் கேட்டேன். "சார், நான் நாலரைக்கே ஆஃப் பண்ணிட்டுப் பஸ்ஸுக்குப் போயிட்டேன்" என்றவன், சட்டைப் பையிலிருந்து கசங்கிய டிக்கெட்டை எடுத்து நீட்டினான். "டிக்கெட்டை யார்கிட்டயும் வாங்கலாம்பா. மெஷின் பொய் சொல்லாது" என்றேன். மூன்று வாரம் லேபுக்கு வரக்கூடாது என்று எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

மூன்றாவது வாரம் பதினேழை நானே போட்டேன். இந்த எண் ஏற்கெனவே உபயோகத்தில் உள்ளது என்று திரையில் ஒரு எச்சரிக்கை. கூடவே, அந்த எண்ணை வைத்திருந்த இன்னொரு கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டு எண். ஒவ்வொரு கார்டாகப் பார்த்துக்கொண்டே போனால், ஜன்னலோர மெஷின்! உண்மையான பதினேழு அணைந்திருக்கும்போது எண்ணை எடுத்துக்கொண்டால் இந்த எச்சரிக்கையே வராது. அந்தச் சனிக்கிழமையும் அதுதான் நடந்திருக்கிறது.

அன்றிரவே சர்வரில் ஒவ்வொரு ஐ.பி.க்கும் நேராக அதற்குரிய கார்டு எண்ணை நிரந்தரமாக எழுதி வைத்தேன். அதன்பின் எவன் 17 என்று மாற்றினாலும், பதில் உண்மையான பதினேழுக்குத்தான் போகும். எண்ணை மாற்றுவதை என்னால் தடுக்க முடியவில்லை. மாற்றுவதில் லாபம் இல்லாமல் போயிற்று. கார்டு எண்ணையும் மாற்றத் தெரிந்தவன் வரும்வரை அது தாங்கியது. பிறகு விண்டோஸ் எக்ஸ்.பி. போட்டு, மாணவர்களுக்குக் குறைந்த அதிகாரமுள்ள கணக்கு கொடுத்தபின்தான் அமைப்பையே தொட முடியாதபடி ஆனது.

அவனை லேப் வாசலில் கூப்பிட்டு, "தப்பு என் மேலதான்பா" என்றேன். "பரவால்ல சார். டிக்கெட்ல தேதி இருந்துச்சு, நீங்க வாங்கிப் பார்க்கவே இல்ல" என்றான்.

இந்தச் சந்திப்புக்குக் குடும்பத்தோடு வருவதாகக் கடிதம் எழுதியிருக்கிறான்.