தடுப்பரண் - 9: அடிக்காமல் அடக்கிய நெஸ்டா

சமயநல்லூர்ப் பக்கம் மாலை நேரத்தில் பந்து உதைக்கும் பையன்களைக் கேட்டுப் பாருங்கள். எல்லாருக்கும் கோல் அடிக்கத்தான் ஆசை. ஆட்டம் சுமாராக வருபவனைத்தான் "நீ பேக்ல நில்லுடா" என்று பின்னால் அனுப்புவார்கள். இத்தாலியில் கதை வேறு. அங்கே கெட்டிக்காரனுக்குத்தான் அந்த இடம். அந்த மரபின் உச்சங்களில் ஒருவரான அலெசாண்ட்ரோ நெஸ்டா, நம் சென்னையின் எஃப்.சி. அணிக்கும் ஆடியிருக்கிறார்.

1976 மார்ச் 19-ல் ரோம் நகரில் பிறந்தவர் நெஸ்டா. சிறுவனாக இருந்தபோதே ரோமா கிளப் அவரைத் தேடி வந்தது. அப்பாவோ அதே நகரின் எதிர்க் கிளப்பான லாசியோவின் பரம ரசிகர். முடியாது என்று சொல்லிவிட்டார். 1985-ல் லாசியோவின் சிறுவர் அணியில் சேர்ந்த பிள்ளை, பின்னாளில் அதே கிளப்பின் கேப்டனாகி, 2000-ல் இத்தாலிய லீக் பட்டத்தை வென்று கொடுத்தார். கடனில் மூழ்கிய லாசியோ 2002 ஆகஸ்ட் கடைசியில் அவரை ஏசி மிலானுக்கு விற்றபோது ரசிகர்கள் கொதித்துப் போனார்கள்.

மிலானில் சக தடுப்பாட்டக்காரர் மால்தினியோடு சேர்ந்து சுவர் எழுப்பினார். 2003 மே 28, மான்செஸ்டர். சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் யுவென்டஸோடு கோலின்றி டிரா. பெனால்ட்டி ஷூட் அவுட். மிலானின் இரண்டாவது, மூன்றாவது உதைகள் வீணாகிவிட்டன. நான்காவதாக வந்தவர் கோல் அடித்துப் பழகாத நெஸ்டா. பதறாமல் பந்தை வலைக்குள் சேர்த்தார். அடுத்து சக ஆட்டக்காரர் ஷெவ்செங்கோ அடித்ததும் கோப்பை மிலானுக்கு வந்தது.

அவருடைய தனித்திறமை சறுக்கித் தடுப்பது. 2012 மார்ச் 28-ல் மிலான் நகரில் பார்சிலோனாவோடு நடந்த ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். பெனால்ட்டி பகுதிக்குள் மெஸ்ஸி பந்தோடு நுழைகிறார். அங்கே கால் ஒரு கணம் பிந்தினாலும் பெனால்ட்டிதான். 36 வயது நெஸ்டா தரையோடு சறுக்கி, மெஸ்ஸியின் காலைத் தொடாமல், பந்தை மட்டும் பறித்தார். ஆட்டம் 0-0. முரட்டுத்தனம் அவருக்குத் தேவைப்படவில்லை. எங்கே பந்து வரும் என்று முன்கூட்டியே தெரிந்தவனுக்கு ஆளை அடிக்கும் அவசியம் ஏது?

ஆனால் உலகக் கோப்பை அவரை விடாமல் வதைத்தது. 1998, 2002, 2006 என மூன்று முறையும் முதல் சுற்றிலேயே காயம்பட்டு வெளியேறினார். 2002-ல் குரோஷியாவுக்கு எதிராக அவர் வெளியேற, உள்ளே வந்தவர் மார்கோ மட்டராசி. 2006-ல் ஹாம்பர்க்கில் செக் குடியரசுக்கு எதிராகவும் அதே மாற்றம். வந்த சிறிது நேரத்தில் மட்டராசி தலையால் முட்டி கோல் போட்டார். பெர்லின் இறுதிப்போட்டியில் பிரான்சுக்கு எதிராகச் சமன் செய்த கோலும் அவருடையதே. இத்தாலி சாம்பியன். நெஸ்டாவுக்கும் பதக்கம் உண்டு. இறுதிப்போட்டியில் களமிறங்கும் பேறுதான் இல்லை.

இப்படிப்பட்ட இருவருக்கும் இடையில் கசப்பு வளரவில்லை. 2014-ல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) முதல் சீசனில் சென்னையின் அணிக்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வந்த மட்டராசி, ஓய்வு பெற்று வீட்டிலிருந்த நெஸ்டாவை அழைத்தார். தன் இடத்தில் ஆடிப் பெயர் வாங்கியவரின் பயிற்சியின் கீழ் ஆட, 38 வயதில் நெஸ்டா நம் ஊருக்கு வந்தார். ஆடியது சில ஆட்டங்களே. லீக் சுற்றில் சென்னை முதலிடம் பிடித்தது. அரையிறுதியில் கேரளாவிடம் 3-4 என்ற மொத்தக் கணக்கில் தோற்றது.

இத்தாலிக்காக 78 ஆட்டங்கள், மிலானோடு இரண்டு சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள். இவ்வளவும் கோல் போட்டுக் கிடைத்த பெயரல்ல, கோல் விழாமல் காத்துக் கிடைத்த பெயர். ஊர்ப் பையன்களுக்குப் பந்தாட்டம் சொல்லித்தரும் அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: அணியிலேயே நிதானமும் அறிவும் உள்ள பையனைத் தேர்ந்தெடுத்துப் பின்னால் நிறுத்துங்கள். அது தண்டனையல்ல, பொறுப்பு என்று அவனிடம் சொல்லியும் கொடுங்கள்.

(தொடரும்)