உள்ளாட்சிச் சொற்களும் திருவனந்தபுரத் தமிழரும்

'உள்ளாட்சி' என்னும் சொல் தமிழில் நிலைபெறுவதற்கு முன் 'ஸ்தல ஸ்தாபனம்', 'ஸ்தல சுயாட்சி' என்பன வழங்கின. மலையாளத்தில் 'தத்தேச ஸ்வயம்பரணம்' இன்றும் ஆட்சிச் சொல்லாக விளங்குகின்றது. ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானத்தையொட்டிப் பரவலான ஆங்கிலத் தொடரை அடியொற்றியவை இவை. பின்னர் இரு மொழிகளும் வெவ்வேறு வழிகளில் சென்றன. அவ்வழிகள் மீண்டும் சந்திக்கும் இடங்களுள் ஒன்று திருவனந்தபுரம். குடியிருப்போர் அரசை நாள்தோறும் எதிர்கொள்வது வரி ரசீதிலும் கட்டட அனுமதியிலும் குப்பை சேகரிப்பிலும்தான். அங்கு ஒரு சொல் பிறழ உணரப்படின் இழப்பு அவர்களுடையதாகின்றது.

இந்நகரம் 1920இல் நகரசபையாகவும் 1940இல் மாநகராட்சியாகவும் ஆயிற்று. சாலைக் கடைத்தெருவிலும் கரமனை, வலியசாலை, கோட்டை ஆகிய பகுதிகளிலும் தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தலைநகர்த் தமிழர் கேரளத்தில் நின்றனர். சென்னை மாநிலத்தின் ஆட்சிமொழிச் சட்டமும் அவ்வாண்டிற்குரியதே. அதனையடுத்து வேரூன்றிய 'நகராட்சி', 'மாநகராட்சி', 'ஊராட்சி ஒன்றியம்' முதலிய சொற்கள் நாகர்கோவில் வரை வந்தன. எல்லைக்கு அப்பால் 'நகரசபா' என்பதே நின்றது. கேரளத்தில் அது நகராட்சி, மாநகராட்சி இரண்டையும் சுட்டும். பழைய தமிழ் வழக்கில் 'நகரசபை' முனிசிபாலிட்டியை மட்டுமே குறித்தது.

வேற்றுச் சொற்களைக் காட்டிலும் ஒத்த வடிவுடைய சொற்களே மொழிபெயர்ப்பாளரை மிகுதியும் ஏமாற்றுகின்றன. மலையாளத்தில் 'அவகாசம்' என்பது உரிமை. தமிழிலோ அது கால இடைவெளி. மேல்முறையீடு செய்ய 'அவகாசம் உண்டு' என்று மலையாள அறிவிப்பு கூறின், உரிமை உண்டு என்பதே பொருள். தமிழ்க் காதுக்கு இன்னும் நாள் இருக்கின்றது என்று அது ஒலிக்கும். உரிமையைச் சொல்லும் தொடரைக் கேட்டுக் கெடுவைத் தவறவிடுவது எளிது. 'வஸ்து நிகுதி' இன்னும் சிக்கலானது. மலையாள 'வஸ்து' நிலபுலன்களையும் குறிக்கும். தமிழர்க்கு அது பண்டம். எனவே இதனைச் 'சொத்துவரி' என்றே பெயர்க்க வேண்டும். 'கரம்' என்பதோ வருவாய்த்துறையின் கிராம அலுவலகத்தில் செலுத்தப்படும் நிலவரி. இரண்டையும் பொதுப்பட 'வரி' என்று எழுதிவிட்டால், செலுத்துவோர் எந்த அலுவலகத்திற்குச் செல்வார்?

'பஞ்சாயத்து' என்னும் சொல்லைத் தனியே கூற வேண்டும். தமிழ்ப் பேச்சில் அது வழக்குத் தீர்த்தல்; மலையாளத்தில் முதன்மையாக ஓர் ஆட்சி அமைப்பு. 1994ஆம் ஆண்டுச் சட்டமும் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கமும் கேரளத்தில் அவ்வமைப்பிற்கு அதிகாரமும் நிதியும் அளித்தன. அதன் வலிமையை விளப்பில்சாலை காட்டிற்று. திருவனந்தபுரத்தின் குப்பை 2000ஆம் ஆண்டு முதல் விளப்பில் பஞ்சாயத்திலிருந்த ஆலைக்குச் சென்றது. துர்நாற்றத்தையும், கழிவுநீர் ஓடை வழியே கரமனை ஆற்றில் கலப்பதையும் எதிர்த்து அவ்வூரார் பல்லாண்டுகள் போராடினர். 2011 டிசம்பரில் பஞ்சாயத்து ஆலையைப் பூட்டியது. 2012இல் நீதிமன்ற ஆணையுடன் காவல்துறை சென்றும் மக்கள் திரண்டு தடுத்தமையால் ஆலை இயங்கவில்லை. தலைநகரின் தெருக்களில் குப்பை குவிந்தது. 'விளப்பில் பஞ்சாயத்து' என்று சென்னை வாசகருக்கு எழுதினால் ஊர்த் தகராறு என்றுதான் தோன்றும். (தகராறும் இருந்தது என்பது வேறு.) ஓர் ஊராட்சி தன் சட்ட அதிகாரத்தைக் கொண்டு மாநகராட்சியை நிறுத்தியது என்னும் வரலாறு அங்கே மறைந்துபோம்.

ஆலை மூடப்பட்டபின் நகரம் வீட்டளவிலும் வார்டளவிலும் உரமாக்கலை நாடியது. மக்காத கழிவைக் கட்டணம் பெற்று வீடுதோறும் சேகரிக்கும் பணியைக் குடும்பஸ்ரீ மகளிரைக் கொண்ட 'ஹரித கர்ம சேனா' இன்று செய்கின்றது. 'பசுமைச் செயற்படை' என்று பெயர்ப்பது இலக்கணத்திற்குப் பொருந்தும். ஆனால் அப்பெயரில் எவரும் கதவைத் தட்டுவதில்லை. தமிழ்நாட்டின் 'தூய்மைப் பணியாளர்' என்பதும் ஈண்டுப் பொருந்தாது. அது வேறு பணிமுறை. மூலப்பெயரை அப்படியே இட்டு, வாங்கும் கழிவு யாது, கட்டணம் எவ்வளவு என்பவற்றைத் தமிழில் எழுதுவதே தக்கது. வாசலில் வந்து நிற்கும் பெண் அந்தப் பெயரைத்தான் சொல்வார்.