கடினப் பாறையைத் துளைத்த பிட் – ஒரு வரலாறு

புதுச்சேரி–கடலூர் சாலையில், பாகூர் கொம்யூனில் உள்ள பிள்ளையார்குப்பத்தில் போர் போட வருபவர்களுக்குப் பாறையைப் பற்றிய கவலை கிடையாது. அங்கே மேலே வண்டல், அதற்குக் கீழே மணலும் களிமண்ணும், அதற்கும் கீழே கடலூர் மணற்கல். அந்த ஊர்ப் பக்கத்துக் கவலை எல்லாம் வேறு. தோண்டிய துளை சரிந்து மூடிக்கொள்ளக் கூடாது. அதனால் மேலிருந்து அடிவரை கேசிங் பைப் இறக்க வேண்டும், நீர் வரும் மணல் அடுக்குக்கு நேரே ஓட்டை போட்ட பில்டர் பைப் வைக்க வேண்டும்.

இந்த மண்ணின் மென்மைதான் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கை கொடுத்தது. 1870களின் பிற்பகுதியில் புதுச்சேரி சவானா பஞ்சாலையில் ஆழமாகத் துளையிட்டபோது தண்ணீர் தானாகவே மேலே பொங்கி வந்தது. இதுதான் ஆர்ட்டீசியன் ஊற்று. இரண்டு களிமண் அடுக்குகளுக்கு நடுவே மணலில் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும் நீர், வழி கிடைத்ததும் மேலே ஏறுகிறது. இந்திய மண்ணியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் 1880ல் இந்த ஊற்றுகளைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் பாகூர் பக்கம் தண்ணீருக்காகத் துளையிட்டபோது பழுப்பு நிலக்கரி கிடைத்தது. பிற்காலத்தில் நெய்வேலியிலும் கிணற்றுக்குத் துளையிட்ட இடத்தில்தான் அதே நிலக்கரி வெளிப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

ஆனால் பிள்ளையார்குப்பத்திலிருந்து மேற்கே செஞ்சி வரை போனால் கதை மாறிவிடும். அங்கே மண் சில அடிகளுக்குத்தான். அதற்குக் கீழே கிரானைட், நைஸ், சார்னோகைட். தமிழ்நாட்டு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இப்படிப்பட்ட கடினப் பாறைதான். அங்கே மணலில் ஊறுவது போல நீர் ஊறுவதில்லை, பாறையின் விரிசல்களில் மட்டும்தான் இருக்கும். அந்த விரிசல் எத்தனை அடியில் இருக்கிறது என்பது துளையிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

பழைய வழி வெட்டுக்கிணறுதான். கடப்பாரை, சம்மட்டி, உளி, பிறகு வெடிமருந்து. வெடி வைப்பதற்கும் முதலில் ஒரு சிறு துளை வேண்டுமே? ஒருவர் உளியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். இந்த “அடி, கொஞ்சம் திருப்பு, மறுபடி அடி” என்ற முறையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைய பல லட்ச ரூபாய் இயந்திரமும் இதையேதான் செய்கிறது.

இதில் பெரிய தொல்லை உளியின் முனை மழுங்குவது. தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்த கோலார் தங்கவயல் போன்ற சுரங்கங்களில் அழுத்தக் காற்றால் ஓடும் டிரில்கள் வந்த பிறகும் இந்தத் தொல்லை தீரவில்லை. எஃகு முனை சிறிது நேரத்திலேயே மழுங்கிவிடும். கட்டுக்கட்டாகக் கம்பிகள் மேலே போய், பட்டறையில் காய்ச்சி அடிக்கப்பட்டு, மறுபடி கீழே வரும். பாறையைத் துளைக்கும் வேலையில் கொல்லருக்கும் பாதிப் பங்கு இருந்தது என்றே சொல்லலாம்.

எண்ணெய்க் கிணறுகளில் வேறு வழி கண்டார்கள். 1909ல் அமெரிக்காவில் ஹோவர்ட் ஹியூஸ் (விமானம், சினிமா என்று பிரபலமான ஹியூஸின் தந்தை) பல் வைத்த இரண்டு கூம்புகள் உருளும் பிட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1930களில் அது மூன்று கூம்பாகி டிரைகோன் என்று பெயர் பெற்றது. ஆனால் கூம்புப் பற்கள் பாறைக்குள் இறங்க மேலிருந்து பெரும் எடை அழுத்த வேண்டும். கிராமத்து வயலில் நிற்கும் ஒரு லாரிக்கு அவ்வளவு எடை ஏது?

கடினப் பாறைக்கு விடை ஜெர்மனியில் ஒரு பல்பு கம்பெனியிலிருந்து வந்தது. பல்புக்கான டங்ஸ்டன் கம்பியை இழுக்கும் அச்சுகள் சீக்கிரம் தேய்ந்ததால், ஆஸ்ராம் நிறுவனத்தில் கார்ல் ஷ்ரோட்டர் 1923ல் டங்ஸ்டன் கார்பைடு தூளைக் கோபால்ட்டோடு சேர்த்துச் சூடாக்கி ஒரு புதிய பொருளைச் செய்தார். அதை குரூப் நிறுவனம் ‘விடியா’ என்ற பெயரில் விற்றது. ‘வைரம் போல’ என்று பொருள் தரும் ஜெர்மன் சொற்களின் சுருக்கம் அது. கார்பைடு கடினத்தைத் தருகிறது, கோபால்ட் அது நொறுங்காமல் பிடித்துக்கொள்கிறது. கோபால்ட் கூடினால் அடி தாங்கும், ஆனால் தேயும். குறைந்தால் தேயாது, ஆனால் உடையும். இன்றுவரை பிட் செய்பவர்களின் தலைவலி இந்த விகிதம்தான்.

முதலில் இந்தக் கார்பைடைப் பட்டையாக வெட்டி, உளி முனையிலும் கூட்டல் குறி வடிவ பிட்டிலும் பதித்தார்கள். அதாவது பழைய உளியே, முனை மட்டும் புதிது. கூர் மழுங்கினால் சாணை பிடிக்க வேண்டும். பிறகு வந்ததுதான் பட்டன் பிட். எஃகுத் தலையில் துளைகள் போட்டு, அரைக்கோளத் தலையுள்ள கார்பைடு குமிழ்களை இறுக்கிப் பதித்தார்கள். பார்த்தால் இது எதையும் வெட்டாது போலத் தோன்றும். கூர் என்பதே கிடையாது!

ஆனால் பாறை வெட்டுப்பட வேண்டியதில்லை. கிரானைட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. குமிழ் அடிக்கும்போது அதன் கீழே பாறை மாவாகிறது. அந்த மாவு சுற்றிலும் நெருக்க, விரிசல்கள் பக்கவாட்டில் ஓடுகின்றன. பக்கத்துக் குமிழின் விரிசலோடு அவை சேரும்போது நடுவில் உள்ள பாறை சில்லாகப் பெயர்ந்துவிடுகிறது. ஆகவே குமிழ்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்பது முக்கியம். விளிம்பில் உள்ள குமிழ்கள் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். அவைதான் அதிகம் தேயும். அவை தேய்ந்தால் துளை கீழே போகப் போகக் குறுகி, அடுத்துப் புது பிட் போட்டால் இடையிலேயே சிக்கிக்கொள்ளும்.

அடுத்த கேள்வி, அடியை எங்கே கொடுப்பது? மேலே சுத்தியல் இருந்தால் ஒவ்வொரு ராடு இணைப்பிலும் அடியின் வேகம் குறைந்துகொண்டே போகும். 1950களில் பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சுத்தியலையே துளைக்குள் இறக்கினார்கள். கம்ப்ரசரின் காற்று ராடு வழியாகக் கீழே போய், பிட்டுக்கு நேர் மேலே உள்ள பிஸ்டனை நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கு மேல் இடிக்க வைக்கிறது. ராடு மெதுவாகச் சுற்றுகிறது. அதே காற்று பிட்டின் ஓட்டைகள் வழியே வெளியேறி, பாறைத்தூளை மேலே ஊதித் தள்ளுகிறது. போர் போடும் இடத்தில் வெள்ளைப் புகையாக எழுவது இந்தத் தூள்தான். புகை நின்று சேறு தெறித்தால் வீட்டுக்காரர் முகம் மலரும்.

1966–67ல் பீகாரில் கடும் பஞ்சம் வந்தபோது யுனிசெப் இத்தகைய ரிக்குகளை இந்தியாவுக்குக் கொண்டு வந்தது. இடித்து இடித்துத் துளைக்கும் பழைய இயந்திரங்களுக்கு வாரக்கணக்கில் ஆன வேலை, இவற்றால் ஒன்றிரண்டு நாளில் முடிந்தது. துளை மட்டும் போதுமா, அதில் நிற்கும் பம்பு வேண்டாமா என்ற கேள்வியில் பிறந்ததுதான் 1970களின் இந்தியா மார்க் 2 கைப்பம்பு. அது சோதிக்கப்பட்ட இடம் கோயம்புத்தூர்ப் பகுதி.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலைத் தன் தொழிலாக்கிக்கொண்ட ஊர் திருச்செங்கோடு. மழை குறைந்த, பாறை நிறைந்த ஊர். அங்கிருந்து ரிக் வண்டியும் கம்ப்ரசர் வண்டியும் ஜோடியாகக் கிளம்பி ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் சுற்றின. எத்தனையோ குடும்பங்கள் இதனால் பிழைத்தன. இன்னொரு பக்கம், வெட்டுக்கிணறு வற்றியதும் நூறடி போர், அது வற்றியதும் முந்நூறடி, பிறகு கொங்கு நாட்டில் பல இடங்களில் ஆயிரம் அடி. பாறையில் ஆழம் போகப் போக விரிசல்கள் பொதுவாகக் குறைந்துகொண்டே வருகின்றன. பிட் இறங்கும், தண்ணீர் வராது. பணம் போட்டவர் கடனோடு நிற்பார், துளை மூடப்படாமல் கிடக்கும்.

2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் அப்படி ஒரு துளையில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. சுமார் 88 அடி ஆழத்துக்கு இறங்கிவிட்ட குழந்தையை மீட்கப் பக்கத்தில் ஒரு மீட்டர் அகலத்தில் குழி துளைத்தார்கள். ஆறரை அங்குல போருடன் ஒப்பிட்டால் இது 36 மடங்குக்கும் அதிகமான பாறை. ஆள் இறங்கும் அளவு குழி என்பதால் சாதாரண போர் ரிக் உதவாது, அகலக் குழி தோண்டும் ரிக்தான் வேண்டும். பாறை வந்ததும் வேகம் குறைய, அதிகத் திறனுள்ள இன்னொரு இயந்திரம் வரவழைக்கப்பட்டது. அதுவும் அங்குலம் அங்குலமாகத்தான் இறங்கியது. அக்டோபர் 29 அதிகாலையில் குழந்தையின் உடல் போர் வழியாகவே மேலே எடுக்கப்பட்டபோது, பக்கத்துக் குழி அந்த ஆழத்தை எட்டியிருக்கவில்லை.

பயன்படாத துளைகளை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே வழிமுறைகள் வகுத்திருந்தது. அதில் கேட்டிருந்தவற்றில் துளையைச் சுற்றி வேலி, குழாய்க்கு இரும்பு மூடி, கைவிட்ட துளையை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணோ கல்லோ போட்டு நிரப்புவது ஆகியவையும் அடங்கும்.